போனோ ஸ்டேஜ் மாத்தப் போறீங்களா? முதல்ல ஊசியைத் தூக்கிட்டுக் கேளுங்க

இது எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

வினைல் பத்தி ஒரு எபிசோடு போட்டாலே எங்களுக்கு வர்ற கேள்விகள்ல பாதி ஒரே மாதிரி இருக்கும். "டர்ன்டேபிள் வாங்கிட்டேன், ஆம்ப் இருக்கு, ஸ்பீக்கர் இருக்கு. அடுத்து போனோ ஸ்டேஜை அப்கிரேட் பண்ணணும். எதை வாங்கலாம்?" கூடவே ஒரு பட்ஜெட்டும் எழுதியிருப்பாங்க. பல பேருக்கு அது ஒரு மாச வாடகை.

இன்னைக்கு நான் எந்த மாடலையும் சிபாரிசு பண்ணப் போறதில்லை. உங்க சிஸ்டத்துல குறை நிஜமாவே போனோ ஸ்டேஜ்லதான் இருக்கான்னு, வீட்டிலேயே, ஒரு பைசா செலவில்லாம கண்டுபிடிக்கிறது எப்படின்னு சொல்லப் போறேன். இது காசு மிச்சம் பிடிக்கிற விஷயம் மட்டும் இல்லை. போனோ ஸ்டேஜ் சரியில்லைன்னா இன்னைக்குக் கேக்குற பாட்டு சுமாரா இருக்கும், அவ்வளவுதான். ஊசி தேஞ்சிருந்தா தட்டே கெடும். ரெண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேக்கும். அங்கதான் சிக்கல்.

அந்தச் சின்னப் பெட்டி என்ன செய்யுது?

போனோ ஸ்டேஜுக்கு ரெண்டு வேலை. முதல் வேலை, சிக்னலைப் பெருசாக்குறது. ஊசி தடத்துல ஓடும்போது கார்ட்ரிட்ஜ் கொடுக்கிற மின்சாரம் ரொம்ப ரொம்பக் கம்மி. நிறைய பேர் வச்சிருக்கிற ஆடியோ டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜை எடுத்துக்கோங்க. அதோட அவுட்புட் 4 மில்லிவோல்ட். ஒரு சிடி பிளேயர் கொடுக்கிறது 2 வோல்ட், அதாவது 2000 மில்லிவோல்ட். இந்த 4-ஐ ஆம்ப் புரிஞ்சுக்கிற அளவுக்குக் கொண்டு வரணும்னா குறைஞ்சது 100 மடங்கு பெருக்கணும். டெசிபல் கணக்குல அது 40.

இங்கேயே ஒண்ணு கவனிச்சுக்கோங்க. 4 மில்லிவோல்ட்டை 100 மடங்கு ஆக்கினா 400 மில்லிவோல்ட். அப்பவும் சிடி பிளேயர்ல அஞ்சுல ஒரு பங்குதான். அதனால ரெக்கார்டு கேக்கும்போது வால்யூமைக் கொஞ்சம் அதிகமாத் திருப்ப வேண்டியிருந்தா அது கோளாறு இல்லை. இயல்பு.

ரெண்டாவது வேலை, ஈக்வலைசேஷன். ரெக்கார்டு வெட்டும்போது பாட்டு இருக்கிற மாதிரியே தடத்துல வெட்ட மாட்டாங்க. பாஸை அப்படியே வெட்டினா தடம் அகலமா வளைஞ்சு வளைஞ்சு போகும். பக்கத்துத் தடத்துல இடிக்கும், ஒரு பக்கத்துல ரெண்டு பாட்டுகூட அடங்காது. அதனால பாஸைக் குறைச்சு வெட்டுவாங்க. ட்ரெபிளைத் தூக்கி வெட்டுவாங்க, தட்டோட இரைச்சல்ல அது மூழ்கிடக் கூடாதுன்னு. கேக்கும்போது இதை அப்படியே திருப்பிப் போடணும். பாஸை ஏத்தணும், ட்ரெபிளை இறக்கணும். எவ்வளவு ஏத்தணும், எவ்வளவு இறக்கணும்னு அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளோட சங்கமான ஆர்ஐஏஏ 1954-ல ஒரு பொது அளவு வச்சாங்க. இன்னைக்கும் அதுதான் நடைமுறை.

அந்த ஏற்ற இறக்கம் சின்னது இல்லை. நடுவுல 1000 ஹெர்ட்ஸை அளவுகோலா வச்சா, 20 ஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 9 மடங்கு ஏத்தணும். 20,000 ஹெர்ட்ஸ்ல பத்துல ஒரு பங்கா இறக்கணும்.

இப்போ நம்ம வீட்டு கரண்ட்டை நினைச்சுப் பாருங்க. 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்துல ஆர்ஐஏஏ 7 மடங்கு ஏத்தும். ஏற்கெனவே 100 மடங்கு பெருக்கம் இருக்கு. ரெண்டும் சேர்ந்து 700 மடங்கு. டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர், பக்கத்துல ஓடுற ஒயர் எதுல இருந்து ஒரு துளி கரண்ட் இரைச்சல் உள்ளே வந்தாலும் போனோ ஸ்டேஜ் அதை 700 மடங்கு ஆக்கி உங்க ஸ்பீக்கர்ல கொடுக்கும். ரெக்கார்டு கேக்குறவங்க எல்லாரும் ஏன் ஹம், ஹம்னு புலம்புறாங்கன்னு இப்போ புரியும்.

முதல் சோதனை: ஊசியைத் தூக்கிட்டுக் கேக்குறது

நீங்க வழக்கமா எந்த அளவுல பாட்டு கேப்பீங்களோ அந்த அளவுல வால்யூமை வைங்க. ஊசியைத் தட்டு மேல வைக்காதீங்க. வழக்கமா உட்கார்ற இடத்துல போய் உட்காருங்க. ஃபேனை ஒரு நிமிஷம் நிறுத்திடுங்க. என்ன கேக்குது?

"ம்ம்ம்"னு ஒரு ரீங்காரம் கேட்டா அது ஹம். "ஸ்ஸ்ஸ்"னு கேட்டா அது ஹிஸ். ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

ஹிஸ் கேட்டா, இப்போ ஒரு நல்ல தட்டை எடுத்து, பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி வர்ற வெறும் தடத்துல ஊசியை வைங்க. தட்டோட சொந்த இரைச்சல்ல அந்த ஹிஸ் காணாமப் போச்சுன்னா, உங்க போனோ ஸ்டேஜ் போதுமான அளவு அமைதியாத்தான் இருக்கு. அதைவிட அமைதியான ஒண்ணை வாங்கினாலும் பாட்டு ஓடும்போது அந்த வித்தியாசம் உங்களுக்குக் கேக்காது. தட்டு இரைச்சலையும் தாண்டி ஹிஸ் கேட்டுச்சுன்னா, ஆமா, அது மாத்த வேண்டிய போனோ ஸ்டேஜ்.

ஹம் கேட்டா, மூணு விஷயம் பண்ணுங்க. டோன் ஆர்மை விரலால தொடுங்க. சத்தம் மாறினா எர்த் இணைப்புல கோளாறு. டர்ன்டேபிள்ல இருந்து வர்ற அந்த மெல்லிய எர்த் ஒயர் கழண்டிருக்கும், இல்லைன்னா மாட்டாமலே விட்டிருப்பீங்க. அடுத்து, ஊசி தட்டுல படாம ஆர்மை வெளி ஓரத்துல இருந்து நடு வரைக்கும் மெதுவா நகர்த்திப் பாருங்க. போகப் போக ஹம் கூடினாலோ குறைஞ்சாலோ, கார்ட்ரிட்ஜே மோட்டார்ல இருந்தோ பக்கத்துல இருக்கிற ஆம்ப்ல இருந்தோ அதைப் பிடிச்சுக்குதுன்னு அர்த்தம். மூணாவது, போனோ ஸ்டேஜையும் அதோட அடாப்டரையும் ஆம்ப்ல இருந்து ரெண்டு அடி தள்ளி வச்சுப் பாருங்க. இந்த மூணுல எதுல ஹம் மாறினாலும் புதுப் பெட்டி வாங்கினா தீராது. எர்த் இணைப்பைச் சரி பண்ணினாலோ இடத்தை மாத்தினாலோ தீரும்.

ஒரு எச்சரிக்கை. ஹம்மைப் போக்க மூணு பின் பிளக்ல எர்த் பின்னைக் கழட்டச் சொல்லுவாங்க. ஹம் போகலாம். ஆனா அந்தப் பின் இருக்கிறது உங்க உயிருக்காக. அதைத் தொடவே தொடாதீங்க.

ரெண்டாவது சோதனை: முதல் பாட்டும் கடைசிப் பாட்டும்

"என் சிஸ்டத்துல 'ஸ', 'ச' எல்லாம் காதைக் கிழிக்குது, போனோ ஸ்டேஜ் மட்டம்"னு நிறைய பேர் எழுதுறாங்க. ஒரு எல்பியை எடுங்க. ஒரு பக்கத்தோட முதல் பாட்டைக் கேளுங்க. அப்புறம் அதே பக்கத்துக் கடைசிப் பாட்டு. முதல் பாட்டுல குரல் சுத்தமா இருந்து, கடைசிப் பாட்டுல மட்டும் "ஸ்ஸ்" சிதறினா, போனோ ஸ்டேஜ் நிரபராதி. அதுக்கு இது எத்தனாவது பாட்டுன்னு தெரியவே தெரியாது. தெரிஞ்சது ஊசிக்குத்தான்.

காரணம் சின்னக் கணக்குதான். எல்பி நிமிஷத்துக்கு 33⅓ சுத்து சுத்துது. வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில ஒரு வினாடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் தடம் ஓடும். உள் ஓரத்துல சுமார் 20 சென்டிமீட்டர்தான். ஒரு வினாடிப் பாட்டு பாதிக்கும் குறைவான நீளத்துல நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கு. அந்த நெருக்கத்துல ஊசி கொஞ்சம் தேஞ்சிருந்தாலோ, கார்ட்ரிட்ஜ் கொஞ்சம் கோணலா மாட்டியிருந்தாலோ உடனே காட்டிக் கொடுத்துடும்.

ஊசிக்கு ஆயுசு உண்டு. முனையோட வடிவத்தைப் பொறுத்து தயாரிப்பாளர்கள் 300 மணி நேரத்துல இருந்து 1000 மணி நேரம் வரைக்கும் சொல்றாங்க. தினம் ஒரு மணி நேரம் கேக்குறீங்கன்னு வைங்க, ரெண்டு வருஷத்துல 730 மணி நேரம். செகண்ட் ஹேண்ட்ல டர்ன்டேபிள் வாங்கினவங்களுக்கு அந்த ஊசி ஏற்கெனவே எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு தெரியவே வழியில்லை. தேஞ்ச ஊசி தடத்தோட சுவரைச் செதுக்கும். செதுக்கினது திரும்ப வராது.

மூணாவது சோதனை: ஒயர்ல இருக்கிற கணக்கு

எல்லாப் பாட்டுலயும், தட்டோட எந்த இடத்துலயும் குரல் கூர்மையா, மெலிசா கேக்குதா? ஊசியும் புதுசா? அப்போ கெபாசிட்டன்ஸைப் பாக்கணும். இங்கே போனோ ஸ்டேஜ் உள்ளே வருது.

எம்எம் வகைக் கார்ட்ரிட்ஜ்க்குள்ள இருக்கிறது ஒரு சுருள். அந்தச் சுருளும், ஆர்ம் ஒயர், ஆர்சிஏ கேபிள், போனோ ஸ்டேஜோட இன்புட் மூணுலயும் இருக்கிற கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஏதோ ஒரு அலைவரிசையில சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். அந்த மேடு எங்கே வரும்ங்கிறதுதான் கேள்வி. விஎம்95இ-க்கு ஆடியோ டெக்னிக்கா சொல்ற அளவு மொத்தமா 100-ல இருந்து 200 பைக்கோஃபாரட். உங்க ஆர்ம் ஒயர் 100, நீளமான கேபிள் 100, போனோ ஸ்டேஜ் 200-ன்னு வைங்க. மொத்தம் 400. கணக்குப் போட்டா அந்த மேடு 11,000 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே வந்து உட்காரும். "ஸ", "ச", ஜால்ரா, சலங்கை எல்லாம் இருக்கிற பக்கம். மொத்தம் 150-ஆ குறைச்சா மேடு 17,000-க்கு மேல போயிடும். அங்கே பாட்டு அதிகம் இல்லை.

இதுக்கு முதல் வைத்தியம் குட்டையான, கெபாசிட்டன்ஸ் கம்மியான கேபிள். ரெண்டாவது வைத்தியம், கெபாசிட்டன்ஸை மாத்திக்கிற சுவிட்ச் உள்ள போனோ ஸ்டேஜ். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் மாதிரி கார்ட்ரிட்ஜுக்கு 150-ல இருந்து 300 வரைக்கும் சொல்றாங்க. அதாவது ஒரு கார்ட்ரிட்ஜுக்குப் பொருந்துறது இன்னொண்ணுக்குப் பொருந்தணும்னு இல்லை. "எந்த போனோ ஸ்டேஜ் நல்லது"ன்னு கேட்டா நான் திருப்பி "உங்க கார்ட்ரிட்ஜ் எது"ன்னு கேக்குறது இதனாலதான்.

ஒரு வீட்டு அனுபவம்

என் நண்பர் ஒருத்தர் வீட்டுல அவங்க அப்பா சேர்த்து வச்ச தட்டுகள் இருக்கு. அறுபது, எழுபதுகள்ல வந்த படப்பாட்டு 45 ஆர்பிஎம் தட்டுகள், அப்புறம் எண்பதுகளோட எல்பிகள். அவர்கிட்ட இருக்கிறது உள்ளேயே போனோ ஸ்டேஜ் இருக்கிற டர்ன்டேபிள். அவருக்கு மூணு குறை: ஹம் வருது, எல்பி முடியுற இடத்துல குரல் சிதறுது, பழைய 45 தட்டுகள்ல பொரியுற சத்தம் தாங்க முடியலை. மூணுக்கும் சேர்த்து ஒரே மருந்தா வெளி போனோ ஸ்டேஜ் ஒண்ணு வாங்க முடிவு பண்ணியிருந்தார்.

சோதனை பண்ணினோம். ஆர்மை நகர்த்தினா ஹம் கூடுச்சு. டர்ன்டேபிள் ஆம்ப்போட தலை மேலேயே உட்கார்ந்திருந்தது. பக்கத்து ஷெல்ஃபுக்கு மாத்தினதும் ஹம் போயிடுச்சு. குரல் சிதறல் கடைசிப் பாட்டுகள்ல மட்டும்தான் இருந்தது. ஊசிக்கு ரெண்டரை வயசு. புது ஊசி போட்டு, அளவுகோல் தாள் வச்சு கார்ட்ரிட்ஜை நேராக்கினதும் அது சரியாச்சு.

மிச்சம் இருந்தது அந்தப் பொரியல் சத்தம். இதுக்கு மட்டும் போனோ ஸ்டேஜ் நிஜமாவே பதில் சொல்லுச்சு. எழுபதுகளோட பிற்பகுதி வரைக்கும் தமிழ்ப் படப்பாட்டு பெரும்பாலும் மோனோதான். மோனோ தட்டுல பாட்டு ஊசியைப் பக்கவாட்டுல மட்டும் ஆட்டும். மேலும் கீழும் ஆட்டுறது எல்லாம் தூசு, கீறல், தட்டோட வளைவு. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் ரெண்டு ஆட்டத்தையும் பிடிச்சுக் கொடுத்துடும். இடது, வலது ரெண்டு சேனலையும் ஒண்ணாச் சேர்த்தா, மேல்கீழ் ஆட்டம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். பாட்டு அப்படியே நிக்கும். இதைச் செய்யுறதுதான் மோனோ பட்டன். அவரோட ஆம்ப்ல அது இல்லை. அதனால மோனோ சுவிட்ச் உள்ள ஒரு சாதாரண போனோ ஸ்டேஜ் வாங்கினார். முதல்ல நினைச்சு வச்சிருந்த மாடலைவிட விலை கம்மி. பொரியல் முழுசாப் போகலை. ஆனா குரல் முன்னாடி வந்து, சத்தம் பின்னாடி போயிடுச்சு. அவங்க அம்மா சமையல்கட்டுல இருந்து எட்டிப் பாத்து, "இது நம்ம வீட்டுத் தட்டா?"ன்னு கேட்டாங்க.

எப்போ நிஜமாவே மாத்தணும்?

சோதனை எல்லாம் முடிச்சுட்டீங்க. எப்போ போனோ ஸ்டேஜ் வாங்குறது நியாயம்னு வரிசையாச் சொல்றேன்.

ஒண்ணு, எம்எம்ல இருந்து எம்சி கார்ட்ரிட்ஜுக்குப் போறீங்கன்னா. டெனான் டிஎல்-103 இதுக்குப் பேர் போன உதாரணம். அதோட அவுட்புட் 0.3 மில்லிவோல்ட். உங்க எம்எம் போனோ ஸ்டேஜ் அதை 100 மடங்கு ஆக்கினா 30 மில்லிவோல்ட்தான் வரும். பாட்டு எங்கேயோ பக்கத்துத் தெருவுல கேக்கிற மாதிரி இருக்கும். 1000 மடங்கு, அதாவது 60 டெசிபல் வேணும். இதுல பேச்சுக்கே இடமில்லை, எம்சி வசதி உள்ள போனோ ஸ்டேஜ் வாங்கித்தான் ஆகணும்.

ரெண்டு, தட்டு இரைச்சலைத் தாண்டி ஹிஸ் கேட்டா.

மூணு, ஸ்பீக்கரோட முன் துணியைக் கழட்டிப் பாத்தா பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாம வூஃபர் முன்னும் பின்னும் மெதுவா ஆடுதுன்னா. வெயில்ல, பரண்ல கிடந்து வளைஞ்ச தட்டுகள்ல இது சகஜம். காதுக்குக் கேக்காத அந்த அசைவு ஆம்ப்போட சக்தியைத் தின்னும், வூஃபரை வீணா ஆட்டும். சப்சோனிக் ஃபில்டர் உள்ள போனோ ஸ்டேஜ் அதை வெட்டிடும்.

நாலு, கெபாசிட்டன்ஸ் பொருந்தலை, கேபிள் மாத்தியும் சரியாகலைன்னா.

அஞ்சு, பழைய மோனோ தட்டுகள் நிறைய இருந்து, ஆம்ப்ல மோனோ பட்டன் இல்லைன்னா.

வாங்குறதுக்கு முன்னாடி டர்ன்டேபிளோட பின்பக்கத்தைப் பாருங்க. "போனோ", "லைன்"னு ஒரு சுவிட்ச் இருக்கணும். அது இல்லாம, உள்ளே இருக்கிற போனோ ஸ்டேஜை அணைக்க வழியே இல்லாத மாடலா இருந்தா, வெளியில எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியை மாட்டினாலும் ஈக்வலைசேஷன் ரெண்டு தடவை நடக்கும். பாஸ் பொங்கும், ட்ரெபிள் செத்துடும், சத்தம் உடையும்.

தாத்தா காலத்து 78 தட்டு வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 1954-க்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவுல வெட்டினாங்க. அதனால ஆர்ஐஏஏ அதுக்கு அப்படியே பொருந்தாது. அதைவிட முக்கியம், 78-ஓட தடம் ரொம்ப அகலம். எல்பி ஊசியை அதுல வைக்காதீங்க. தனி ஊசி வாங்குங்க.

ஒப்பிட்டுப் பாக்கும்போது

கடையிலயோ நண்பர் வீட்டுலயோ ரெண்டு போனோ ஸ்டேஜை மாத்தி மாத்திக் கேக்குற வாய்ப்பு கிடைச்சா, முதல்ல ரெண்டோட சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாங்க. ஒண்ணு 40 டெசிபல், இன்னொண்ணு 44 டெசிபல் பெருக்கினா, ரெண்டாவது உடனே "ஆஹா, உயிரோட்டமா இருக்கு"ன்னு தோணும். உயிரும் இல்லை, ஓட்டமும் இல்லை. வால்யூம் கூடியிருக்கு, அவ்வளவுதான். நம்ம காதோட குணம் அது. ஃபோன்ல இலவசமாக் கிடைக்கிற சத்தம் அளக்கிற ஆப் ஒண்ணைப் போட்டு, ஒரே பாட்டோட ஒரே இடத்தை அளந்து சமன் பண்ணிக்கோங்க. முடிஞ்சா, எது ஓடுதுன்னு உங்களுக்குத் தெரியாம இன்னொருத்தரை மாத்தச் சொல்லுங்க. அப்பவும் ஒண்ணு பிடிச்சிருந்தா சந்தோஷமா வாங்குங்க.

இந்த வாரக் கடைசியில ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, இந்த மூணு சோதனையையும் உங்க வீட்டு சிஸ்டத்துல பண்ணிப் பாருங்க. என்ன கேட்டுச்சு, ஹம்மா ஹிஸ்ஸா, கடைசிப் பாட்டுல குரல் எப்படி இருந்ததுன்னு எழுதி அனுப்புங்க. கார்ட்ரிட்ஜ் பேரையும் மறக்காம எழுதுங்க, அது இல்லாம என்னால பதில் சொல்ல முடியாது. அடுத்த எபிசோடுல தட்டு கழுவுறதைப் பத்திப் பேசலாம்.